சிபிசி தாளின் முதல் வரி: மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழ்க் குடும்பங்களுக்கு,

மனித இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களில் பெரும்பங்கு நியூட்ரோபில்கள். காய்ச்சலென்று போய் சிபிசி என்ற இரத்த அணு எண்ணிக்கைப் பரிசோதனை எடுத்தால் கைக்கு வரும் தாளில், டோட்டல் கவுண்டுக்குக் கீழே சதவீதத்தோடு முதலில் அச்சாகியிருக்கும் பெயர் அதுதான். நலமாக இருக்கும் பெரியவருக்கு அது 40 முதல் 75 வரை எங்கும் இருக்கலாம். 80 என்று வந்து, பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு குறியும் விழுந்துவிட்டால் உங்கள் வீட்டில் பேச்சு மாறிவிடுகிறது. ‘இன்ஃபெக்‌ஷன் ஏறியிருக்கு’ என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக் மாத்திரை அன்றிரவே தொடங்கப்படுகிறது. அது இல்லையென்றால் நைன்டி ஃபீட் ரோட்டிலோ செம்பூர் ஸ்டேஷன் வாசலிலோ ஒரு மருந்துக்கடை திறந்திருக்கிறது.

அந்தத் தாளுக்குக் காசு கொடுத்தவர்கள் நீங்கள். அதன் முதல் வரிக்கு என்ன பொருள் என்று உட்கார்ந்து சொல்ல ஒருவரும் இல்லாமல் போனது உங்கள் குற்றமல்ல. ஆனால் அதைத் தவறாகப் படிப்பதன் விலையை உங்கள் பிள்ளைகளும் பெற்றோரும் கொடுக்கிறார்கள். ஆகவே நியூட்ரோபில் எங்கே பிறக்கிறது, என்ன செய்கிறது, எத்தனை விதமாக இருக்கிறது, எப்போது கெடுதல் செய்கிறது என்பதை வரிசையாகப் படியுங்கள். உங்களிடம் கேட்க வேண்டியவை சில கடைசியில் இருக்கின்றன.

நியூட்ரோபில் பிறப்பது எலும்பு மஜ்ஜையில். ஒரு பெரியவரின் உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில்களை உண்டாக்குகிறது. வேறெந்த வெள்ளையணுவுக்கும் மஜ்ஜை இவ்வளவு உழைப்பதில்லை. முதிர்வதற்குச் சற்று முன் அதன் உட்கரு வளைந்த பட்டையாக இருக்கும். ஆய்வகத்தில் அதை ‘பேண்ட்’ என்பார்கள். முதிர்ந்தபின் உட்கரு 2 முதல் 5 மடல்களாகப் பிரிந்து, மெல்லிய இழையால் கோத்தபடி நிற்கும். இப்படி முதிர்ந்தவையும் உடனே வெளியே வருவதில்லை. சில நாள் மஜ்ஜையிலேயே இருப்பில் வைக்கப்பட்டு, தேவை எழும்போது திறந்துவிடப்படுகின்றன. கிருமி தாக்கிய சில மணி நேரத்தில் எண்ணிக்கை ஏறுவது இந்த இருப்பிலிருந்துதான். இருப்பு போதாமல் முதிராதவற்றையும் மஜ்ஜை அனுப்பத் தொடங்கினால் பேண்ட் செல்கள் கூடும். மொத்தச் சதவீதத்தைவிட அது மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

இரத்தத்தில் இறங்கிய நியூட்ரோபில் எவ்வளவு காலம் வாழ்கிறது என்பது இன்னும் முடியாத வாதம். பாதி அழிய 6 முதல் 8 மணி நேரம் ஆகும் என்பது பழைய கணக்கு. கனநீர் கொடுத்துத் தடம் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, வாழ்நாள் 5 நாளுக்கும் மேல் என்றது. இரண்டில் எது சரியானாலும் உங்களுக்கு முக்கியமான செய்தி வேறு: இரத்தத்தில் இறங்கியவற்றில் ஏறத்தாழ பாதி ஓடுவதே இல்லை. நுரையீரல், மண்ணீரல், கல்லீரலின் நுண்குழாய்ச் சுவர்களில் அவை ஒட்டி நிற்கின்றன. முழங்கையில் ஊசி குத்தி எடுக்கும் இரத்தத்தில் இந்தப் பாதி வராது. தாதர் பாலத்தின் படிகளில் ஓடி ரயில் பிடித்தவர், பயந்தவர், பிரசவ வலியில் இருப்பவர், ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர் எல்லோருக்கும் சுவரில் நின்றவை பிரிந்து ஓட்டத்தில் சேர்கின்றன. ஒரு கிருமியும் இல்லாமலேயே தாளில் எண் ஏறுகிறது. புகைபிடிப்பவருக்கும் கர்ப்பிணிக்கும் வழக்கமாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும்.

சதவீதம் ஏமாற்றும் என்பதையும் ஒரு கணக்கில் பாருங்கள். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் மொத்த வெள்ளையணு 4,000 இருந்து நியூட்ரோபில் 80 சதவீதம் என்றால் உண்மையான எண்ணிக்கை 3,200. அது இயல்பு. மொத்தம் 18,000 இருந்து அதே 80 சதவீதம் என்றால் 14,400. இரண்டு தாளிலும் ஒரே எண்ணுக்குப் பக்கத்தில்தான் ஒரே குறி விழுகிறது. பச்சைக் குழந்தைப் பருவம் தாண்டி நாலைந்து வயது வரை பிள்ளைகளின் இரத்தத்தில் லிம்போசைட் என்ற வேறு வகை வெள்ளையணுக்களே அதிகம் என்பதால், அந்த வயதில் நியூட்ரோபில் சதவீதம் குறைந்திருப்பது வளர்ச்சியின் இயல்பு. பெரியவர்களுக்கான அளவை அச்சிட்ட தாளைப் பார்த்துக் கலங்கிய தாய்மார்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

இந்த அணுவின் வரலாற்றில் உங்கள் ஊருக்கும் பங்குண்டு. 1882-ல் இத்தாலியின் மெசினாவில் இலியா மெச்னிகோவ், நட்சத்திர மீனின் ஒளிபுகும் இளம் உயிரிக்குள் ஒரு முள்ளைச் செருகினார். மறுநாள் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. உடலைக் காக்கும் செல்கள் அந்நியப் பொருளைத் தேடிச் சென்று விழுங்குகின்றன என்ற கொள்கை அங்கிருந்து எழுந்தது. மனித இரத்தத்தில் அவர் ‘சின்ன விழுங்கிகள்’ என்று குறித்தவைதான் இன்றைய நியூட்ரோபில்கள். சாயங்களால் வெள்ளையணுக்களைப் பிரித்துக் காட்டி இவற்றுக்கு இந்தப் பெயரை வைத்தவர் பால் எர்லிக். 1908-ன் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். ஒடெசாவில் மெச்னிகோவிடம் படித்த மாணவர் வால்டெமார் ஹாஃப்கின், பிளேக் பரவிக்கொண்டிருந்த பம்பாய்க்கு 1896 அக்டோபரில் வந்து சேர்ந்தார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கிடைத்த சிறிய இடத்தில் தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தன் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். அவருடைய ஆய்வகம் 1899-ல் பரேலின் பழைய ஆளுநர் மாளிகைக்கு மாறியது. 1925 முதல் ஹாஃப்கின் நிறுவனம் என்று அழைக்கப்படுகிறது.

பிளேக் கிருமி நியூட்ரோபிலைத் தேடித் தாக்கும் கிருமி. தன்னை விழுங்க வரும் செல்லுக்குள் தன் புரதங்களை நேரே செலுத்தி, விழுங்கும் ஆற்றலை முடக்கிவிடும். அந்தக் கொள்ளைநோய்க்குப் பிறகு, நெரிசலைக் குறைக்க 1898-ல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட்தான் தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளை மனை பிரித்து அகலத் தெருக்களோடு திட்டமிட்டது. மாட்டுங்காவில் உங்கள் தாத்தாக்கள் குடியேறிய கட்டடங்களின் வரிசை அப்படி வந்தது. நோய் எதிர்ப்பு என்பது உங்கள் தெருவின் வரைபடத்திலேயே எழுதப்பட்ட விஷயம்.

இனி நியூட்ரோபிலின் வேலை. அது போர் புரிவது இரத்தத்தில் அல்ல, திசுவில். ஓரிடத்தில் கிருமி நுழைந்தால் அங்குள்ள இரத்தக்குழாயின் உட்சுவர் ஒட்டும் புரதங்களை வெளிக்காட்டுகிறது. வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் நியூட்ரோபில் தன் மேற்பரப்பிலுள்ள சர்க்கரை முனைகளால் அவற்றைத் தொட்டுத் தொட்டு வேகம் குறைந்து, சுவரின் மேல் உருளத் தொடங்குகிறது. பிறகு இன்டெக்ரின் என்னும் புரதங்கள் விழித்துக்கொண்டு அதை இறுகப் பிடித்து நிறுத்துகின்றன. நின்ற நியூட்ரோபில் தட்டையாகிச் சுவரின் செல்களுக்கிடையே நுழைந்து வெளியேறி, வேதிச் சமிக்ஞைகளின் செறிவு கூடும் திசையில் ஊர்ந்து போகிறது. முதலில் சேர்ந்தவை தாமும் சமிக்ஞை விட்டு மற்றவற்றைக் கூட்டுகின்றன. இந்தப் பயணத்தின் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு புரதத்தை நம்பியிருக்கிறது. ஒரு படி உடைந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டும் இரண்டு நோய்கள் உண்டு. அவற்றில் ஒன்று மும்பையின் பெயரோடு பிணைந்தது.

1952-ல் பேண்டேயும் அவருடைய சக மருத்துவர்களும் இந்நகரில் கண்ட ஒரு விந்தையான இரத்தப் பிரிவை ‘லான்செட்’ இதழில் விவரித்தார்கள். ஓ பிரிவு போலத் தோன்றினாலும் ஓ இரத்தத்தையே ஏற்காத அந்தப் பிரிவு உலகெங்கும் ‘பம்பாய்’ என்றே வழங்குகிறது. சிவப்பணுவின் மேல் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையை ஓரிடத்தில் ஒட்டும் நொதி இல்லாததே அதன் காரணம். 40 ஆண்டு கழித்து, 1992-ல், இஸ்ரேலில் இரண்டு சிறுவர்களிடம் அதே பம்பாய்ப் பிரிவு வேறொரு கோளாறோடு சேர்ந்து காணப்பட்டது. இரத்தத்தில் நியூட்ரோபில்கள் மிக அதிகம். ஆனால் தொற்று ஓயவில்லை, புண்ணில் சீழ் பிடிக்கவில்லை. அவர்களின் உடலில் ஃபியூகோஸை உரிய இடத்துக்குக் கொண்டுசெல்லும் பாதையே பழுது. அதனால் சிவப்பணு பம்பாய்ப் பிரிவாயிற்று. நியூட்ரோபிலுக்கோ சுவரில் உருள வேண்டிய சர்க்கரை முனை கிடைக்கவில்லை. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உங்களில் யாருக்காவது சாதாரண பம்பாய்ப் பிரிவு இருந்தால் அவருடைய நியூட்ரோபில்கள் நலமாகவே இருக்கும். இரத்தம் ஏற்றும்போது மட்டும் அதே பிரிவு வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது நோய் இதைவிட அதிகம் காணப்படுவது. இன்டெக்ரினின் ஒரு பாதியான சிடி18 என்ற புரதம் இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு நியூட்ரோபில் சுவரில் நிற்காது. தொப்புள்கொடி மூன்று நான்கு வாரம் கடந்தும் விழாமல் இருக்கலாம், தொப்புளில் தொற்று வரும், ஈறு வீங்கும், சிறு கீறலும் ஆறாத புண்ணாகும், சீழ் மட்டும் இருக்காது. இரத்த எண்ணிக்கையோ இயல்பைப்போலப் பல மடங்கு. தாளில் மட்டும் பார்த்தால் இந்தக் குழந்தைக்கு நியூட்ரோபில் ‘நிறைய’ இருக்கிறது. தேவைப்படும் இடத்தில் ஒன்றுகூட இல்லை. எண்ணிக்கை வேறு, பலன் வேறு என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று கிடையாது. இது பெற்றோர் இருவரிடமிருந்தும் வர வேண்டிய குறை. தாய்மாமனையோ அத்தை மகனையோ மாமன் மகளையோ கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் இத்தகைய குறைகள் கூடிவரும் வாய்ப்பு அதிகம். திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கும், பாலக்காடு, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மாட்டுங்காவுக்கும் வந்த உங்கள் குடும்பங்களுக்கு அந்த வழக்கம் புதிதல்ல. பழிசொல்ல இது எழுதப்படவில்லை. ‘கைக்குழந்தையாகவே போய்விட்டது’ என்று வீட்டில் தணிந்த குரலில் சொல்லப்படும் பழைய மரணங்களை மருத்துவரிடம் உரக்கச் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதப்படுகிறது.

சேர்ந்த இடத்தில் நியூட்ரோபில் கொல்லும் வழிகள் மூன்று. முதலாவது விழுங்குவது. விழுங்கிய கிருமியைச் சுற்றியுள்ள பைக்குள் ஆக்சிஜனிலிருந்து கடுமையான வேதிப்பொருள்கள் உண்டாக்கப்படுகின்றன. கடைசியில் உருவாகும் ஹைப்போகுளோரஸ் அமிலம், வீட்டில் வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச்சின் அதே குடும்பம். அதை உண்டாக்கும் மையலோபெராக்சிடேஸ் நொதி பச்சை நிறம். சீழின் பச்சைச் சாயல் அதிலிருந்து வருகிறது. இரண்டாவது, தன்னுள் சேமித்த துகள்களை வெளியே கொட்டுவது. அத்துகள்களும் ஒரே வகையல்ல. முதலில் உருவாகும் துகள்களில் எலாஸ்டேஸ், டிஃபென்சின் போன்ற கொல்லும் பொருள்கள். அடுத்து உருவாகுபவற்றில் கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் செய்யும் லாக்டோஃபெரின். கடைசித் துகள்களில் திசுவைக் கரைத்து வழி திறக்கும் நொதிகள். மூன்றாவது வழியை 2004-ல் பெர்லினில் ஆர்டுரோ சிக்லின்ஸ்கியின் குழு கண்டது: நியூட்ரோபில் தன் டிஎன்ஏவையே அவிழ்த்து, கொல்லும் புரதங்கள் பதிந்த வலையாக வெளியே வீசுகிறது.

முதல் வழி உடைந்து பிறக்கும் பிள்ளைகளும் உண்டு. நாட்பட்ட குருணைக்கட்டி நோய் என்ற அந்நிலையில் நியூட்ரோபில்கள் எண்ணிக்கையில் இயல்பு, பயணத்தில் இயல்பு, விழுங்குவதிலும் இயல்பு. கொல்ல மட்டும் முடியாது. அக்குழந்தைக்குக் கல்லீரலில், நிணநீர்க் கணுக்களில், நுரையீரலில் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி வரும். பிறந்தவுடன் போட்ட பிசிஜி ஊசியின் பக்கத்து அக்குளில் கணு வீங்கி உடையலாம். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்குத் தாய்வழி வருவது. பெற்றோர் இருவர் வழி வரும் வகையும் உண்டு. சாதாரண சிபிசியில் இது ஒருபோதும் தெரியாது. நியூட்ரோபிலைத் தூண்டி, அது ஆக்சிஜன் வேதிப்பொருளை உண்டாக்குகிறதா என்று ஒரு சாயத்தால் பார்க்கும் தனிப் பரிசோதனை வேண்டும். அந்தப் பரிசோதனையும் சிடி18 பரிசோதனையும் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன. பரேலில் கே.இ.எம். ஆஸ்பத்திரி வளாகத்திலுள்ள தேசிய நோயெதிர்ப்புக் குருதியியல் நிறுவனம், 1957-ல் இரத்தப் பிரிவு மையமாகத் தொடங்கி இன்று பிறவி எதிர்ப்புக் குறைகளைக் கண்டறிவதில் நாட்டின் முதன்மை இடங்களுள் ஒன்று. அருகிலேயே வாடியா குழந்தைகள் ஆஸ்பத்திரி. நாடெங்குமிருந்து பெற்றோர் ரயிலேறி வரும் இடங்கள் இவை. தாராவியிலிருந்து ஒரு பஸ் தூரம்.

நியூட்ரோபில் ஒரே அச்சில் வார்த்த செல் என்பதே நெடுங்காலப் பாடம். பிறக்கும், விழுங்கும், சாகும் என்று அதன் கதை முடிந்துவிடும். கடந்த இருபதாண்டு ஆராய்ச்சி அந்தப் பாடத்தைக் கலைத்துவிட்டது. உங்கள் உடம்பிலுள்ள நியூட்ரோபில்களிலேயே சிடி177 என்ற புரதத்தைத் தாங்கியவையும் தாங்காதவையும் கலந்திருக்கின்றன. அந்த விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்தவையும் இரத்தத்தில் முதிர்ந்தவையும் வெவ்வேறு மேற்பரப்புப் புரதங்களைக் காட்டுகின்றன. ஒரே நாளின் காலைக்கும் மாலைக்கும் இடையே இந்தக் கலவை மாறுவது எலிகளில் நன்கு தெரியவந்துள்ளது. இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும்போது அடியில் படிய வேண்டிய நியூட்ரோபில்களில் சில, லூபஸ் போன்ற நோய்களில் மேலேயே மிதக்கின்றன. இந்த அடர்த்தி குறைந்த வகை வலையை எளிதில் வீசும். புற்றுநோயாளிகளிடம் மிதப்பவற்றில் பல, எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களின் வேலையை அடக்குபவை. 2009-ல் எலிகளில் செய்த ஆய்வு, கட்டிக்குள் நுழைந்த நியூட்ரோபில் அங்குள்ள சமிக்ஞையைப் பொறுத்துக் கட்டியைத் தாக்கவும் செய்யும், வளர்க்கவும் செய்யும் என்று காட்டியது.

ஆக்கும் நியூட்ரோபில்களும் இருக்கின்றன. ஆக்சிஜன் குறைந்த திசுவில் புது இரத்தக்குழாய் வளர உதவும் வகை ஒன்று அறியப்பட்டுள்ளது. எலியின் கல்லீரலில் கிருமியில்லாக் காயம் உண்டாக்கியபோது, நியூட்ரோபில்கள் சிதைந்த குழாய்களை அப்புறப்படுத்திப் புதுக்குழாய்க்கு வழி விட்டன; பிறகு அங்கேயே சாகாமல் நுரையீரல் வழியாக மஜ்ஜைக்குத் திரும்பின. வேலை முடிந்து செத்த நியூட்ரோபிலை மேக்ரோஃபேஜ் என்ற பெரிய விழுங்கி விழுங்கும் அந்தச் செயலே அழற்சியை அணைத்துக் காயம் ஆறுவதைத் தொடங்கிவைக்கிறது. இவ்வளவையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்தத் திசுவில், எந்த வயதில், எந்தச் சமிக்ஞைக்கு நடுவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து நியூட்ரோபிலின் குணமே மாறும் என்ற ஒன்றை மட்டும் நெஞ்சில் வையுங்கள். சிபிசி இந்த வகைகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு எண்ணுகிறது.

கெடுதலின் பக்கமும் உங்கள் தெருக்களிலேயே இருக்கிறது. காசநோயில் நியூட்ரோபில் நண்பன் மட்டுமல்ல. நோய் முற்றியவரின் சளியில் கிருமியைச் சுமக்கும் செல்களில் அதிகம் நியூட்ரோபில்களே. அவை கொட்டும் நொதிகள் நுரையீரலைக் கரைத்துக் குழியாக்குகின்றன. அந்தக் குழியிலிருந்துதான் இருமலில் கிருமி அறை முழுவதும் பரவுகிறது. 2010-ல் வெளியான ஓர் ஆய்வு, காசநோயாளியின் இரத்தத்தில் காணும் தனித்த மரபணுத் தடம் பெரும்பாலும் நியூட்ரோபிலிலிருந்தே வருகிறது என்றது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் உறங்கும் தாராவியில் இதன் பொருள் உங்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

தொழுநோயிலும் இதே கதை. 1890-ல் மாட்டுங்காவில் தொழுநோயாளிகளுக்கான இல்லமாகத் தொடங்கியதுதான் இன்று வடாலாவிலுள்ள ஆக்வொர்த் ஆஸ்பத்திரி. சிகிச்சை நடக்கும்போதே, சிலருக்கு முடிந்த பிறகும், காய்ச்சலோடு சிவந்து வலிக்கும் முடிச்சுகள் தோலில் எழும். முடிச்சைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே நியூட்ரோபில்கள் மொய்த்திருக்கும். இது எதிர்ப்பு மண்டலத்தின் கொந்தளிப்பு. மருந்து தோற்றதன் அறிகுறி அல்ல. ‘மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்திவிடுவதால் நரம்பும் கண்ணும் போனவர்கள் உண்டு. மாத்திரையைத் தொடர்ந்தபடியே கொந்தளிப்புக்குத் தனி மருந்து வாங்க வேண்டும்.

செம்பூர்க்காரர்களுக்கு மாகுல் சுத்திகரிப்பு ஆலைகளின் வாடையும் தேவ்னார் குப்பைமேட்டுப் புகையும் தெரியும். தாராவிக்காரர்களுக்குக் கும்பர்வாடாச் சூளைப் புகை. புகையின் நுண்துகள் நுரையீரலில் இறங்கும்போது மஜ்ஜை அதற்கும் நியூட்ரோபிலை அனுப்புகிறது. 1997-ல் தென்கிழக்காசியக் காட்டுத்தீப் புகை சிங்கப்பூரை மூடியபோது, நலமான இளம் படைவீரர்களின் இரத்தத்தில் பேண்ட் செல்கள் கூடியது பதிவாகியிருக்கிறது. கிருமி இல்லை, விழுங்கக் கரித்தூள் மட்டும். அப்படி வந்தவை கொட்டும் எலாஸ்டேஸ் ஆண்டுக்கணக்கில் நுரையீரலின் மீள்தன்மையை அரிக்கிறது. இந்த இருமலுக்கு ஆன்டிபயாடிக்கில் மருந்து இல்லை.

2020 நினைவிருக்கும். தாராவியில் முதல் கோவிட் நோயாளி ஏப்ரல் 1 அன்று கண்டறியப்பட்டார். அந்த ஜூலையில் மாநகராட்சியும் நிதி ஆயோக்கும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய கணக்கெடுப்பு, மாட்டுங்கா அடங்கிய எஃப்-வடக்கு, செம்பூர் அடங்கிய எம்-மேற்கு, தகிசர் அடங்கிய ஆர்-வடக்கு ஆகிய வார்டுகளின் குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கும் மற்ற வீடுகளில் 16 சதவீதம் பேருக்கும் எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டது. எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் தங்கிச் சாட்சி சொல்லும். நியூட்ரோபிலுக்கு அந்த வாய்ப்பில்லை. ஆனால் நோய் கடுமையானவர்களின் இரத்தத்தில் முதிராத நியூட்ரோபில்கள் பெருகியதும், அவை வீசிய வலைகள் நுரையீரல் நாளங்களில் இரத்தத்தை உறைய வைத்ததும் உலகெங்கும் பதிவாயின. காத்த செல்லும் கெடுத்த செல்லும் ஒன்றே.

இவ்வளவும் தெரிந்தபின் அந்தத் தாளை மறுபடி கையில் எடுங்கள். ஜூலையில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால், நியூட்ரோபில் ஏறியிருப்பது லெப்டோஸ்பைரோசிஸ் பக்கம் சந்தேகத்தைத் திருப்பும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய மழைக்குப் பிறகு அந்த நோய் நகரை உலுக்கியது. அதே பருவத்து டெங்குவில் பொதுவாக வெள்ளையணு மொத்தமே இறங்கும். டைஃபாய்டில் கிருமி பாக்டீரியாவாக இருந்தும் எண் பெரும்பாலும் ஏறாது. ஆக, அந்த எண் தனியாக எதையும் முடிவு செய்யாது. தண்ணீரில் நடந்ததையும், எத்தனையாவது நாள் காய்ச்சல் என்பதையும், என்ன ஊசி போட்டுக்கொண்டீர்கள் என்பதையும் கேட்கும் மருத்துவருக்குத்தான் அது பயன்படும். மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் பெயர் சொல்லாமல் போடப்படும் ஸ்டீராய்டு ஊசிகள் எண்ணை ஏற்றிவிடுகின்றன. மறுநாள் அந்த எண்ணுக்கு ஆன்டிபயாடிக் எழுதப்படுகிறது. இந்தச் சுற்றில் நோயாளிக்கு இரண்டு தடவை செலவு, இரண்டு தடவை கேடு. சர்க்கரை நோயில் எண் ஏறாமலேயே ஆபத்து வரும்: சர்க்கரை கூடிய இரத்தத்தில் நியூட்ரோபில் மெதுவாக நகர்கிறது, சரியாகக் கொல்வதில்லை, வலையை மட்டும் தாராளமாக வீசிக் காயத்தை ஆறவிடாமல் செய்கிறது. கால் புண்ணை எண்ணைக் கொண்டு அளக்காதீர்கள்.

எண் குறைவதுதான் சில வீடுகளில் உயிர்ப்பிரச்சினை. ஊரிலிருந்து புற்றுநோய் சிகிச்சைக்கு டாடா ஆஸ்பத்திரிக்கு வரும் உறவினரை உங்கள் சிறிய வீட்டில் மாதக்கணக்கில் வைத்துப் பார்க்கிறவர்கள் நீங்கள். கீமோ கொடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் நியூட்ரோபில் 500-க்கும் கீழே இறங்கலாம். அப்போது தொற்று வந்தாலும் சிவக்காது, வீங்காது, சீழ் பிடிக்காது. பல நேரம் காய்ச்சல் ஒன்றே அறிகுறி. 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நின்றாலோ 101-ஐ ஒரு தடவை தொட்டாலோ அது அவசரநிலை. பாரசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மருத்துவர் இரத்தநாளத்தில் ஏற்றும் ஆன்டிபயாடிக் அங்கே உயிர் காக்கும். அந்த மருந்து அன்று வேலை செய்ய வேண்டுமானால், தேவையில்லாத நாளில் அதை நீங்கள் வீணடித்திருக்கக் கூடாது.

உங்களிடம் கேட்க வேண்டியவை இவைதான். சதவீதத்தைப் பார்த்து மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். நியூட்ரோபிலின் முழு எண்ணிக்கை எவ்வளவு, பேண்ட் செல் இருக்கிறதா, நுண்ணோக்கியில் ஸ்மியர் பார்த்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பழைய தாள்களைத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் சேர்த்து வையுங்கள். உங்களுக்கு வழக்கமான எண் எது என்பதை அவைதான் சொல்லும். போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு ஊசியின் பெயரையும் எழுதி வாங்குங்கள். தைராய்டுக்கு, நியூட்ரோபிலைக் குறைத்துவிடக்கூடிய கார்பிமசோல் சாப்பிடுபவருக்குத் தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் மாத்திரையை நிறுத்தி, அன்றே சிபிசி எடுத்து மருத்துவரைப் பார்க்கச் செய்யுங்கள். கொடி விழத் தாமதமான, பிசிஜி பக்கத்துக் கணு உடைந்த, திரும்பத் திரும்ப உள்கட்டி வந்த குழந்தையை இன்னொரு ஆன்டிபயாடிக்கோடு வீட்டுக்கு அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சயான் ஆஸ்பத்திரியில் காட்டி, பரேலுக்குச் சீட்டு எழுதித் தரும்படி கேளுங்கள். வீட்டில் அப்படிக் குழந்தை ஒன்று முன்பே இறந்திருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்னாலேயே போங்கள்.

உங்கள் தமிழ்ச் சங்கங்களிலும் கோயில் கமிட்டிகளிலும் பள்ளிவாசல் ஜமாத்துகளிலும் நர்ஸுகள், லேப் டெக்னீஷியன்கள், மருத்துவர்கள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தாள்களோடு வருகிறவர்களுக்கு அவற்றைத் தமிழில் படித்துச் சொல்ல அவர்களைக் கேளுங்கள். மருந்து எழுதித் தர வேண்டாம்; எந்த எண்ணுக்கு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எந்த எண்ணுக்கு இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தால் போதும் என்று சொன்னால் போதும். அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்குள் முதல் மாலையை வைத்துவிடுங்கள்.